சலூன்காரரின் திருக்கை

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே சலூன் வைத்திருந்தார் அவர். கன்னம் ஒட்டிய, அதிகம் பேசாத மனிதர். கண்ணாடித் தொட்டியில் ஒரே ஒரு நன்னீர்த் திருக்கை வளர்த்தார். ஒவ்வொருவருக்கும் முடி வெட்டி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, மண்புழு ஒன்றை நீருக்குள் நீட்டுவார். தட்டு அகலத்துக்கு இருந்த அது மேலேறி வந்து வாங்கிக்கொள்ளும்.

எனக்கு மாற்றல் வந்தபோது, நான் வளர்த்த, பந்துபோல உப்பும் பேத்தை மீனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவரிடம் கொண்டுபோனேன்.

“திருக்கையக் கடிக்காதுங்களா?”

“கடிக்காதுங்க” என்றேன். கடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து மொரப்பூர் வந்தபோது அவரிடம் சவரத்துக்குப் போனேன். தொட்டியில் பேத்தை மட்டும் வயிறு புடைக்க நீந்திக்கொண்டிருந்தது.

“மாமனார் சாவுக்குன்னு ரெண்டு நாள் கடைய சாத்திட்டுப் போயிட்டனுங்க. வந்து பாத்தா, திருக்கையோட ஓரமெல்லாம் கடிச்சு வெச்சிருக்குது. அப்புறம் பொழைக்கல. இதும்மேல தப்பில்லீங்க, பசி. நான்தான் பட்டினி போட்டுட்டேன்.”

என் தாடையை மெல்ல நிமிர்த்தினார்.

“இப்ப தெனமும் ஏரியில நத்தை பொறுக்கியாந்து போடறனுங்க. உங்க மீனு நல்லாயிருக்குது.”

கத்தி கழுத்தில் இருந்தவரை நான் பேசவில்லை. எடுத்த பிறகும் பேசவில்லை.