கலியபெருமாள் அண்ணனுக்கு நான் சொன்ன கடைசிப் பாகம்

இப்போது நான் சொல்லப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. குரும்பலூரில் என் சொந்த மனைவியே என் பேச்சை நம்புவதில்லை என்பதைச் சபையோர் முன் பணிவுடன் ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணனைப் பார்க்க, பெரம்பலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, எழுந்து, இடம் மாறி, மறுபடி உட்கார்ந்தபோது செல்வி அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“தம்பி... அண்ணன் போயிட்டாங்க.”

அதன்பின் அந்த பஸ் ஆயிரம் மைல் வேகத்தில் பறந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி வரவேயில்லை.

கலியபெருமாள் அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடையைக் கட்டியாண்டவர். நான் அதே வாசலில் லாரி நம்பர் எழுதும் சிற்றரசன். லாரி மேடையில் ஏறியதும் திரையில் எண் துள்ளும். மற்றவர்கள் துள்ளும்போதே சீட்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் அடிக்க மாட்டார். திரையில் முள் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு, “முள்ளு நிக்கட்டும்” என்பார். பின்னால் லாரி வரிசை உடையார்பாளையம் தாண்டி வங்காள விரிகுடாவில் இறங்கி நிற்கும். வரிசையில் நின்றபடியே ஒரு டிரைவருக்குப் பெண் பார்த்து, கல்யாணம் முடிந்து, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போன கதை எனக்குத் தெரியும்.

“அண்ணே, சீக்கிரம் அடிச்சுக் குடுங்கண்ணே, ஆரன் அடிச்சே காதக் கிழிக்கிறானுவோ!”

“கிழியட்டும். எடை என்னுதா, அவனுதா?”

ஓய்வு பெற்ற பிறகு, திருச்சியில் வேலை பார்க்கும் அவர் மகள் கயல், டிவியில் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மனிதர் அதற்குள் குடியேறிவிட்டார். அடியில் ஓடும் இங்கிலீஷை அவர் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், பேசியவன் செத்துப் போயிருப்பான். ஆகவே சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போய், தமிழில் வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்று இருந்தால் ஒன்பது சொல்வேன் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் வந்த தொடர் பன்னிரண்டு பாகம். இரண்டு நிலா உள்ள ஒரு தேசம். தரையெல்லாம் உப்பு. அதில் ஒரு பெண் காலிப் பறவைக்கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். வாயில் நுழையாத ஒரு பெயர் அவளுக்கு. அண்ணன் ‘பாப்பா’ என்பார். அந்த நாட்டில் யாரும் வாசலைத் தாண்டுமுன் உள்ளங்கையில் ஒருமுறை ஊதிக்கொள்வார்கள். ஏன்? சொல்லவில்லை. கூண்டு எதற்கு? சொல்லவில்லை. எட்டுப் பாகம் வரை நடந்தாள். எனக்குக் கால் வலித்தது.

“அண்ணே, ஓட்டி வுடவா? இன்னம் நடந்துட்டுத்தான் இருக்கா.”

“ரிமோட்டத் தொட்ட, கை இருக்காது. நடக்கட்டும் வுடு.”

“எதுக்குன்னு சொல்லிட்டாவது நடக்கலாமில்ல? ரெண்டு நெலா எப்டி வந்துச்சு?”

“நம்ம குழியில கல்லு வெட்டுனா சிப்பி வருது. கடலு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்? ஒனக்கு யாராச்சும் வந்து வெளக்குனாங்களா?”

“காலேஜுலேருந்து வந்து போர்டு வச்சிருக்காங்கண்ணே.”

“நீ படிச்சியா?”

“...இல்ல.”

“பொறவு? சோறு எறங்குதுல்ல? கம்முனு பாரு.”

நான் அரை மணி நேரத்தில் நாலு முறை எழுந்து, தண்ணீர் குடித்து, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அவர் அசைய மாட்டார். அவருக்காகத்தான் அந்தப் பெண் அத்தனை மெதுவாக நடக்கிறாள் என்று தோன்றும்.

பத்தாம் பாகத்தின்போது வயிற்றுவலி என்றார். பதினோராம் பாகத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் போனில் பார்த்தார். கடைசிப் பாகம் வருகிற சனிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டர் கயலைத் தனியே அழைத்து, வாரக் கடைசி வரை தாங்குவது சந்தேகம் என்றார். வெளியில் வந்த கயல் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “சித்தப்பா, அப்பா அதப் பாத்துருவாங்களா?”

அவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னைக்கு என்ன கெழம?” என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் ஆயுட்காலத் திறமை அனைத்தையும் திரட்டிக்கொண்டு கட்டிலருகே போனேன்.

“அண்ணே! கடைசிப் பாகத்த முன்னாடியே வுட்டுட்டாங்க. வர்ற வழியில பாத்துட்டேன். நீங்க கண்ண மூடிக்கிங்க, நான் சொல்றேன்.”

சொன்னேன். ஐயா, என்ன சொன்னேன்! இரண்டாவது நிலா உண்மையில் ஒரு பறவை, கூண்டு அதற்குத்தான். அது குடித்துத்தான் கடல் வற்றி உப்பானது. வாசல்கள் எல்லாம் முன்னொரு காலத்தில் விளக்குகள்; கை ஊதுவது அவற்றை அணைத்த பாவத்துக்கு. அவிழாத முடிச்சு ஒன்றுகூட இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு யுகத்தையே கட்டி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணன் கண் திறக்கவில்லை.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சிதுண்ணே.”

“டேய் கோவிந்தா. இது நீ பண்ணது.”

“சத்தியமாண்ணே...”

“அவங்க இம்புட்டு நல்லவங்க கெடையாதுடா. கேட்டதுக்கெல்லாம் வெளக்கம் சொல்லிட்டாங்கன்னு சொல்ற பாரு, அங்கதான் மாட்டிக்கிட்ட.”

அவர் சிரித்ததில் இருமல் வந்தது. செல்வி அண்ணி தண்ணீர் கொடுத்தார். பிறகு அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது நான் எழுந்து போய்விடாமல் இருப்பதற்காக.

“திரும்பச் சொல்லு. மொள்ளமா. வெளக்கம் வேணாம்.”

இப்படி ஒரு வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

“பாப்பா நடக்குறாண்ணே.”

“ம்.”

“உப்பு முடிஞ்சு ஒரு கரை வருது.”

“கூண்டு?”

“கையில இருக்கு.”

“காலியா?”

“காலிதாண்ணே.”

“பொறவு?”

“ஒக்காந்துட்டா.”

“யாராச்சும் பேசுனாங்களா?”

“இல்லண்ணே. சும்மா ஒக்காந்திருக்கா.”

தூங்கிவிட்டார் என்று கையை உருவப் பார்த்தேன். விடவில்லை.

“இது சரி,” என்றார். “இப்படித்தான் முடிப்பாங்க.” புதன்கிழமை அவர் கிழமை கேட்கவில்லை.

சனிக்கிழமை, துக்க வீட்டில் டிவி போட்டவர்கள் என்ற பெயரை நாங்கள் எடுத்தோம். ஆலத்தியூர் வரை பேசிக்கொண்டார்களாம். கயல் தயங்கியபடி, “சித்தப்பா, போடவா?” என்றாள். செல்வி அண்ணிதான், “போடு. அவரு பாக்காம வுட்டது” என்றார்.

என் கதைக்கும் அந்தப் பாகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கரை வரவில்லை. கூண்டு ஆரம்பத்திலேயே உடைந்து போயிற்று. இருபது நிமிடம் வாள் சண்டை. அண்ணன் இருந்திருந்தால் திட்டியிருப்பார். நிலாக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே, சபையோரே, கலியபெருமாள் அண்ணனுக்கு அவருடைய கடைசி வாரத்தில் நான் சொன்னது முழுப் பொய் என்று இதனால் அறிவிக்கிறேன்.

சண்டை முடிந்ததும் அந்தப் பெண் உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. ஒன்றரை நிமிடம் இருக்கும். அதற்குள் நான் மூன்று முறை எழுந்து நின்றேன். மூன்று முறையும் கயல் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அது மட்டும் உண்மை, அண்ணே. உட்கார்ந்தாள். போய் வாருங்கள்.