கதிரையில் இருக்கும் குளிசை

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் மார்பில் வந்த கட்டியை எடுத்த பிறகு, அது திரும்பி வராமலிருக்கத் தினமும் விழுங்க ஒரு குளிசை கொடுத்தார்கள். முருகனுக்குக் கந்தசட்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடித்த அம்மா குளிசையையும் விட்டுவிட்டார். கிளினிக்குக்குப் போகும் பஸ், வேலணை தாண்டிய பிறகுதான் எனக்கு அதைச் சொன்னார்.

"விரதமெல்லோ, அதுதான் விட்டனான்."

பஸ்ஸால் இறங்கியதும் தாதியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

கிளினிக்கில் தாதி ஒரு படம் கீறிக் காட்டினார். உடம்பின் ஒவ்வொரு சிறு கலத்துக்குள்ளும் ஒரு புரதம், ஒராள் மட்டும் குந்தியிருக்கும் கதிரை மாதிரி இருக்கிறதாம். பெண்களின் உடலில் சுரக்கும் ஓமோன் அதில் வந்து இருந்தால், வேறு புரதங்களும் வந்து கூடுமாம். எல்லாம் கூடினால்தான் மரபணுவில் எழுதியிருப்பதைப் படியெடுக்கும் வேலை வேகமாக நடந்து, கலங்கள் பெருகும். அம்மாவின் கட்டி அப்படித்தான் வளர்ந்தது. குளிசை முந்திப் போய் அந்தக் கதிரையில் இருந்துவிட்டால் மற்றவை கூடமாட்டா.

"எங்கடை கோயில் சபைக் கூட்டம் மாதிரி," என்றேன். "தலைவற்றை கதிரையிலை வேறை ஆள் இருந்தால் ஒருத்தரும் கூடமாட்டினம்."

"கூடினாலும் சண்டைதானே பிடிக்கிறனீங்கள்," என்றார் அம்மா.

தாதி சிரித்தார். "ஆறு நாளிலை பெரிசா ஒண்டும் நடந்திராது அக்கா. ஆனால் இனிக் கதிரையை வெறுமையா விடாதேங்கோ."

அதன்பின் செய்த பரிசோதனைகளில் கட்டி எதுவும் இல்லை. இந்த வருடமும் அம்மா ஆறு நாள் விரதமிருந்தார். பின்னேரம் கோயிலால் வந்ததும் பாலோடு குளிசையை விழுங்கினார்.

"கதிரைக்கு ஆள் போயிட்டுது," என்றார்.