பத்திரிகையில் ஏறி வந்த பஸ்

இங்கன நெருங்கி உக்காருங்க. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவளுக்குக் கை எவ்வளவு வேகமா ஓடினாலும், வீடு போய்ச் சேருவது பஸ் கையில்தான் இருக்கு. பஸ்ஸுக்கு நின்னு கால் கடுத்த சனம் நீங்களும்னா, நான் சொல்றது உங்களுக்கு உறைக்கும்.

ரெண்டு பேராப் போனது

எங்க ஊருக்கு வந்த சாயங்கால பஸ்ஸை ஒருநாள் நிறுத்திட்டாங்க. மெயின் ரோட்டில் இறங்கி, கரிசக்காட்டு வழியா நடை. மழை பேஞ்சா செருப்பில் மண் அப்பி, கால் எழும்பாது. செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டுத்தான் நடப்போம். என்கூடப் பெட்டி அடைக்கிற காளியம்மாளின் மக செல்விக்கும் அதே வேலை, அதே நடை. "ஏட்டி, தை பிறக்கதுக்குள்ள பஸ் வரலன்னா நீ வேலைக்குப் போவாண்டாம்"னு அவ அப்பா சொல்லிட்டார். பிள்ளை அன்னைக்குச் சாப்பிடல.

நானும் காளியம்மாளும் எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனோம். நல்ல மனுசன்தான், காப்பி வாங்கிக் குடுத்தார், "பாத்துக்கிடுதேன்"னார். படி இறங்கும்போது காளியம்மா சொன்னா: "காப்பியக் குடுத்தே அனுப்பிட்டாரே யக்கா! நாம பஸ்ஸுதானே கேட்டோம்?"

கூட்டமாப் போனது

அடுத்து ஊர்ப் பொம்பளைகளை எல்லாம் திரட்டிக்கிட்டுப் போனோம். உள்ளே நுழைஞ்சதும் ஒருத்தி ரேஷன் பருப்புன்னா, ஒருத்தி தெருவிளக்குன்னா, இன்னொருத்தி தன் மருமக மேலயே புகார் சொன்னா. பஸ் எங்கயோ நடுவில் நசுங்கிப் போச்சு. எழுத உக்காந்த உதவியாளர் பேனாவை மூடிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீங்கள்லாம் எதுக்குத்தான் வந்திய?"

ஒரே பேச்சு

திரும்புற வழியிலேயே காளியம்மா கட்டளை போட்டுட்டா: இனி யார் வாயைத் திறந்தாலும் பஸ் மட்டும்தான். கோயில் கொடை விழாவோ, சாவு விழுந்த துட்டி வீடோ, எம்.எல்.ஏ. கண்ணில் பட்டா ஒரு கும்பிடு, ஒரே கேள்வி. சத்தம் கிடையாது, மரியாதை குறையாது. ஒருநாள் அவர் சலிச்சுக்கிட்டார்: டிப்போவில் கேட்டா அந்த பஸ்ஸில் ஆள் ஏறாதுங்காங்க, பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது, வசூலுக்கு என்ன செய்யன்னு. காளியம்மா சிரிச்சமேனிக்கே சொன்னா: "ஓட்டுக் கேக்கையில டிக்கெட் இல்லன்னிய, சந்தோசம் அண்ணாச்சி. பஸ்ஸும் இல்லன்னு அப்பச் சொல்லலியே!"

பத்திரிகை அடிச்சது

கார்த்திகையில் காளியம்மா மகனுக்குக் கல்யாணம். தலைமை தாங்க எம்.எல்.ஏ.வும் ஒத்துக்கிட்டார். எங்க பக்கம் பத்திரிகையின் அடியில், எந்த பஸ், எத்தனை மணிக்குன்னு போடுவாங்க. காளியம்மா போட்டது: "பஸ் விவரம் எம்.எல்.ஏ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளவும்." கழுகுமலைச் சொந்தம், புதூர்ச் சொந்தம், எப்போதும்வென்றான் ஊர்ச் சம்பந்தி வீடு, ஒருத்தர் விடாம போன் போட்டிருக்காங்க. உதவியாளருக்கு டீ குடிக்க நேரமில்லையாம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பஸ் ஊருக்குள் திரும்புச்சு. வேலை முடிஞ்சு வந்த செல்விதான் முதல் ஆளா இறங்கினா, செருப்பைக் காலில் போட்டபடி.

"இந்த பஸ் இனி தினமும் வரும்"னு மேடையில் எம்.எல்.ஏ. சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். கல்யாணத்துக்கு விட்டது கல்யாணத்தோட போயிருமோன்னு எனக்குள்ள ஒரு பயம். எம்.எல்.ஏ. கிளம்பையில் காளியம்மா தாம்பூலப் பையை நீட்டிக்கிட்டே கேட்டா: "மூத்த மக பிள்ளைக்குத் தையில காதுகுத்து அண்ணாச்சி, பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். பஸ்ஸுக்கு என்ன போடச் சொல்லட்டும்?"

பஸ் இன்னைக்கும் வருது, செல்வியும் வேலைக்குப் போயிட்டு வாரா, காளியம்மா வீட்டில் மட்டும் விசேஷம் ஓயவே இல்லை.