மூன்றாம் மாடியில் சிவப்புத் துணி

"சரி. பசி. புரிஞ்சுது, பசி," என்று குழந்தையிடம் திருப்பிச் சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நோட்டை எட்டி எடுத்து மணியை எழுதிய பிறகுதான் அவள் பால் கொடுக்க உட்காருவாள். அதற்குள் அது கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். கூட்டி என்ன, மூன்றாம் மாடிக் கோடி வீட்டுக்கு எந்த ஊர் வரப்போகிறது?

ரயில்வே கேட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். அங்கே ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "வண்டி கிளம்பிருச்சு, கேட்டைப் போடு" என்றால் "வண்டி கிளம்பிருச்சு, கேட்டைப் போடறேன்." பிறகு நோட்டில் மணி. அந்தப் பழக்கம் பிரசவ விடுப்பிலும் அவளை விடவில்லை. கடைக்காரன் "நாளைக்கு வாங்கம்மா" என்றால் "நாளைக்கு வரணும், சரி" என்பாள். நர்ஸ் "பெண் குழந்தை" என்றபோதும், மயக்கம் தெளியாமலே, "பெண் குழந்தை, சரி" என்றாளாம். பிரசவ அறையே சிரித்திருக்கிறது.

அவளைக் கட்டடத்தில் 'கேட் அக்கா' என்பார்கள். சொந்தப் பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றி எழும்பிய நாலு மாடிக் கட்டடம் அது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முன்னால் நீள வராந்தா, இரும்புக் கைப்பிடி. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் எல்லா வாசலும் தெரியும். அந்த வருடம் ஐந்து வீடுகளில் ஆறு குழந்தைகள். "தண்ணித் தொட்டியில யாரோ ஏதோ கலந்துட்டாங்க" என்று காவல்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து அம்மாக்களையும் ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தது கேட் அக்காதான். ஒருவருக்கு ஒத்தாசை செய்யலாம் என்று படியேறிப் போய் பெல்லை அடித்தால், ஒரு மணி நேரம் தட்டித் தூங்கவைத்த குழந்தை விழித்துக்கொள்ளும். அந்தத் தாய் கதவைத் திறக்கும்போது முகத்தில் கொலை வெறி இருக்கும். போன் இருக்கிறதே என்பீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் போன் எங்கே இருக்கும்? சத்தத்தை அடைத்து, ஏதோ ஒரு தலையணைக்கு அடியில். காலையில் அனுப்பிய செய்தியைச் சாயங்காலம் பார்த்து "ஐயோ, இப்பத்தான் பார்த்தேன்" என்பார்கள்.

ஒருநாள் பழைய சிவப்புப் பாவாடை ஒன்றையும் மஞ்சள் துப்பட்டா ஒன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு கேட் அக்கா கத்தரியோடு உட்கார்ந்தாள். எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்து, ஸ்டேஷன் மாஸ்டர் தோரணையில் சட்டம் சொன்னாள். "வாசல்ல சிவப்புத் தொங்குதா, குழந்தை தூங்குது. பெல்லைத் தொடக்கூடாது. உலகமே இடிஞ்சு விழுந்தாலும் தொடக்கூடாது. மஞ்சள் தொங்குதா, கை வேணும்னு அர்த்தம். யார் பார்க்கிறாங்களோ அவங்க ஓடிவரணும். குழம்பு அடுப்புல இருந்தா இறக்கி வச்சுட்டு வரணும்."

பாவாடையில் ஐந்து துண்டு வந்தது. துப்பட்டாவில் நாலுதான் வந்தது. "எனக்கெதுக்கு மஞ்சள்?" என்று சிரித்துக்கொண்டே நாலையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மஞ்சளைக் கண்டால் முதலில் ஓடுவது அவள்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மூன்று மாடி இறங்குவாள். கீழ்வீட்டில் கணக்கு டீச்சர். அவளுக்குக் குழந்தையை மார்பில் சேர்க்கத் தெரியவில்லை, அது கத்த, இவள் அழ, ஒரே களேபரம். "தோளைத் தளர்த்துங்க டீச்சர். பரீட்சைத் தாள் திருத்துற மாதிரி ஏன் உர்ருன்னு உக்காந்திருக்கீங்க? நீங்க குனியாதீங்க, குழந்தையை மேல கொண்டாங்க. ம்... பிடிச்சிருச்சு பாருங்க. திருடி, பசிக்குத் தெரியாத வழியா?" டீச்சர் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

முதல் மாடியில் இரட்டைக் குழந்தைக்காரி. சின்னப் பெண், இருபத்திரண்டு வயதுதான். மூன்று நாள் தலைவாராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை எழுப்பிக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு, அவளுடைய இரண்டையும் மடியில் ஒவ்வொரு பக்கமும் கிடத்தி, தன்னுடையதைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். "மெதுவா வா. அவசரமே இல்ல. இன்னைக்கு எல்லா வண்டியும் லேட்டு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். 'எல்லா வண்டியும் லேட்டு' என்பது அந்தக் கட்டடத்தில் ஆறுதல் வார்த்தையாகிவிட்டது. பால் பொங்கி வழிந்தாலும் சரி, புருஷன் கோபித்துக்கொண்டு போனாலும் சரி, அதைத்தான் சொன்னார்கள்.

அவள் அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டு. ஒருநாள் காற்றில் கேட் கம்பம் முறிந்து தண்டவாளத்தில் ஒரு மாட்டுவண்டி மாட்டிக்கொண்டது. ரயில் வருகிற நேரம். கொடியை எடுக்கக் குடிசைக்கு ஓடினால் நேரம் போதாது. "கொடி இல்லேன்னா என்ன செய்யணும் தெரியுமா? ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். எந்த டிரைவரா இருந்தாலும் பிரேக் போட்டுத்தான் ஆகணும். வண்டி முழுசா நிக்கிற வரைக்கும் கையை இறக்கக்கூடாது, அதான் சட்டம்." சொல்லிக்கொண்டே எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். இரட்டைக் குழந்தைக்காரி இந்தக் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். "மாடு என்னாச்சுக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

இப்படியெல்லாம் மற்றவர்களுக்குத் தோள் கொடுத்தவளுடைய வீட்டுக்குள் வந்து பாருங்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மூடின கேட்டில் நின்றுகொண்டு அவளைத் திட்டிய நூறு டிரைவர்களில் ஒருவன், அவனைத்தான் கட்டிக்கொண்டாள். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். அம்மா ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, அண்ணிக்கும் பிரசவம் என்று அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்கு இப்போது நாலு மாதம்.

காலை பதினோரு மணிக்கு மேல் கட்டடத்தில் ஆள் நடமாட்டம் அடங்கிவிடும். குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்கும். கேட்டிலும் அவள் தனியாகத்தான் இருந்தாள், ஆனால் அங்கே வண்டிகள் வரும், ஜன்னலோரப் பிள்ளைகள் கை காட்டும், காத்திருந்து அலுத்த டிரைவர்கள் அவள் பரம்பரையையே திட்டுவார்கள். இங்கே திட்டக்கூட ஒரு நாதியில்லை. எங்கோ தூரத்தில் ரயில் ஊதினால் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று எழுந்து நின்றுவிடுவாள். வண்டி போகும்வரை குழந்தையோடு நிற்பாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் குடித்த மணி, ஈரம் பண்ணிய மணி, தூங்கிய மணி. பழக்கதோஷத்தில் கடைசியில் ஒரு கட்டம் கூடப் போட்டுவிட்டாள்: 'மாற்ற வந்தவர் கையெழுத்து.' கேட்டில் எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்ற ஆள் வந்து கையெழுத்துப் போடுவார். இவள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த நோட்டில் நாலு மாதமாக அந்தக் கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாகக் கிடந்தது.

வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் குழந்தை ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்தது. அந்த ஒன்பது வருடமும் யார் யாரோ வந்து "இன்னும் ஒண்ணுமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "அவ்வளவு ஏங்கிப் பெத்துட்டு இப்ப கஷ்டமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது?" என்று அவள் ஒரே ஒருதரம், அதுவும் குழந்தையிடம்தான், சொன்னாள். அது கொட்டாவி விட்டது.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் மேலே வந்தாள், முதல் தடவையாக. நன்றி சொல்லத்தான் வந்தாள், பாவம். உள்ளே துவைக்காத துணி மலையாகக் கிடந்தது. கழுவாத பாத்திரம், நடுக்கூடத்தில் கவிழ்ந்த பால் டம்ளர், ஈரத் தரை. "கேட் அக்கா, இது உங்க வீடுதானா? நாங்கள்லாம் உங்களைப் பார்த்துத்தான் தைரியமா இருக்கோம்!" என்று டீச்சர் சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். கேட் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். டீச்சர் இறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, சிவப்புத் துணியை வாசல் கைப்பிடியில் கட்டினாள். அப்போது குழந்தை தூங்கவில்லை, முழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. துணியை அவள் அவிழ்க்கவில்லை. யாரும் வரவில்லை. வருவார்களா? முன்னே ஒருதரம் சிவப்பு தொங்கும்போது பெல்லடித்த இரட்டைக் குழந்தைக்காரியை முற்றத்தில் வைத்து அவள் விட்ட டோஸில் அந்தப் பெண் கண்கலங்கிவிட்டாள். அதன் பிறகு அந்தச் சட்டத்தை மீற அந்தக் கட்டடத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. குழந்தை அழுததே என்பீர்கள். ஆறு குழந்தைகள் மாறி மாறி அழுகிற முற்றத்தில் எந்த அழுகை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று யார் கண்டது?

வியாழக்கிழமை காலையில் பால் கட்டிக்கொண்டது. இடப்பக்கம் கல்லாகிவிட்டது, தொட முடியவில்லை. மதியத்துக்குள் குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடு, பால் கொடுப்பதை நிறுத்தாதே, குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைக் கூப்பிடு, காய்ச்சல் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போ. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கக் குழந்தையோடு எழுந்தபோது முழங்கால் மடங்கியது. கையிலிருந்து குழந்தை நழுவி, தரையில் சரிந்து உட்கார்ந்தவள் மடியில் விழுந்தது. நல்லவேளை, மடி இருந்தது. அதை மெல்லப் பாயில் கிடத்தினாள். இரண்டு கையையும் பார்த்தாள். ஒரு கை மற்றதைவிட அதிகமாக ஆடியது. இனி இந்தக் கையால் குழந்தையைத் தூக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. குழந்தை அழுது அழுது ஓய்ந்து, விரலைச் சப்பிக்கொண்டே தூங்கியது.

மூன்று மணி இருக்கும். வாசலில் குசுகுசுவென்று பேச்சு. கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சத்தமே இல்ல பாரு. இன்னைக்கோட நாலு நாளாச் சிவப்பு," என்றாள் டீச்சர்.

"என்னமா தூங்குது டீச்சர் அந்தக் குழந்தை! அக்கா குடுத்து வச்சவங்க. நம்மளுதும் இருக்கே, சனியனுங்க," என்றாள் இரட்டைக் குழந்தைக்காரி.

"மெல்லப் பேசுடி. டப்பாவை இங்கயே வச்சுட்டு வா. செருப்பைக் கையில எடுத்துக்க, படியில சத்தம் வரும்."

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் வாயைத் திறந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற லாரியை ஒரே அதட்டலில் பின்னால் தள்ளுகிற குரல் அது. 'டீச்சர்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்த ஒன்பது வருடம் குறுக்கே வந்து நின்றது. வெறுங்காலடிகள் படியிறங்கித் தேய்ந்தன.

பாயில் குழந்தை நெளிந்தது. வாயைக் கோணியது. "சரி. பசி," என்றாள். "புரிஞ்சுது..." மேற்கொண்டு சொல்ல முடியவில்லை. கை குழந்தையை நோக்கிப் போய், பாதியில் பயந்து திரும்பிவந்தது.

கதவைப் பிடித்து எழுந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். வாசலில் டிபன் டப்பா ஒன்று மூடியில் வியர்த்துக்கொண்டிருந்தது. கைப்பிடியில் இருந்த முடிச்சு சட்டென்று அவிழவில்லை. சிவப்பு கையோடு வந்ததும், மஞ்சளைத் தேடி இடக்கை தானாக வராந்தாவில் துணி காயப்போடும் கயிற்றுப் பக்கம் போயிற்று. அவளுக்கு மஞ்சள் ஏது? நாலு துண்டுதானே வந்தது.

விரல் நடுக்கத்தில் சிவப்புத் துணி நழுவிக் காற்றில் புரண்டு புரண்டு முற்றத்தில் போய் விழுந்தது. அங்கே குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்த டீச்சர் அதைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் இரட்டைக் குழந்தைக்காரியும் அண்ணாந்தாள்.

கேட் அக்கா கைப்பிடியில் வயிற்றை முட்டுக் கொடுத்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். இடப்பக்கம் உயிர் போகிற வலி. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"ஐயோ, அக்கா!" என்று கீழே ஒரு குரல் கேட்டது. படியில் ஓட்டம் கேட்டது. ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி. டீச்சர் ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க வந்து அவளைக் கடந்து உள்ளே ஓடி, அழுகிற குழந்தையை வாரித் தோளில் போட்டதும் அது அடங்கியது. இரட்டைக் குழந்தைக்காரி வந்து இடுப்பை வளைத்துப் பிடித்து, "வந்துட்டோம்க்கா, கையை இறக்குங்கக்கா" என்றாள். அதன் பிறகுதான் இறக்கினாள்.