செல்லாவைச் சுடச் சொன்ன துரை

வெந்த கொள்ளும் ஈர மானாப்புல்லும் கலந்த ஒரு வாடை மாமாவின் கைகளில் எப்போதும் இருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத அந்த வாடையோடுதான் அவர் எங்கள் லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்து, அம்மா ஊற்றிக் கொடுக்கும் "தேத்தண்ணி"யைக் குடிப்பார். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் தோட்டத்துத் துரையின் குதிரைக்காரர். கினிகத்தேனையிலிருந்து பொல்பிட்டியப் பக்கம் இறங்கும் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். ஐம்பதுகளின் கடைசியில் சுற்றுவட்டாரத் துரைமார் எல்லோரும் ஜீப்புக்கு மாறிவிட்ட பின்னும், எங்கள் துரை மட்டும் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றில் ஏறித்தான் தேயிலை மலை பார்க்கப் போவார். அவர் அதற்கு வைத்த பெயர் ஸ்டெல்லா. மாமாவின் வாயில் அது செல்லா.

துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பப் போகிறார் என்ற செய்தி வந்த வாரம் ஒருநாள், மாமா தேத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"செல்லாவைச் சுட்டுப் பொதைக்கச் சொல்லித் துப்பாக்கியக் குடுத்துட்டாருக்கா. வித்தா, எவனாவது வண்டியில பூட்டி அடிச்சே கொல்லுவானாம். கெழட்டுக் குதிரைய அப்படி விட்டுட்டுப் போறதுதான் பாவமாம். அவரால கிட்ட நின்னு பாக்க ஏலாதாம்."

"வாயில்லாச் சீவன். நம்ம கையால வேணாம்டா. முடியாதுன்னு சொல்லிடு" என்றாள் அம்மா.

"நான் மாட்டேன்னா வேற ஆள வச்சுச் செய்வாரு."

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கைகூப்பி, "கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம். மூன்றும் கைகோர்த்து நடக்கும் அக்கா தங்கைகள் என்றே பத்து வயதான நான் நினைத்திருந்தேன். ஒன்றைக் காப்பாற்ற மற்ற இரண்டையும் தள்ளிவிட வேண்டிய நாளும் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், மாமாவுக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு ஆற்றோர மலைக்குப் போனேன். செல்லாவை ஒரு கொய்யா மரத்தில் கட்டிவிட்டு மாமா துப்பாக்கியை வானத்துக்கு நேரே தூக்கிச் சுட்டார். மிரண்டு துள்ளிய குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அது அடங்கும்வரை காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, முதல்நாளே வெட்டி வைத்திருந்த குழியை வெறுங்குழியாகவே மண்தள்ளி மூடினார். திரும்பியபோதுதான் என்னைக் கண்டார்.

"யாராச்சும் கேட்டா, வெடிச் சத்தம் கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லு புள்ள. அது பொய் இல்லதானே."

ஆழம் குறைந்த இடமாகப் பார்த்துக் குதிரையை அக்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே சிங்களக் கிராமத்தில் வயல் வைத்திருந்த கிரிபண்டா அவருடைய பல வருஷத்துச் சிநேகிதர்.

நான் திரும்பி வரும் வழியில், ரோட்டு முடக்கில் துரை தனியாக நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. தோட்டத்தில் பழகிய தமிழில் கேட்டார்: "சத்தம் கேட்டது. குதிரைக்கு நோவு வந்ததா?"

"இல்லீங்க தொரே" என்றேன்.

அதுவும் உண்மைதான். ஆனால் அவர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றதைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்லியும் பொய் சொன்னதுபோலவே இருந்தது.

பொழுது சாய மாமா வந்தார். கிரிபண்டா குதிரையை ஏற்கவில்லை என்றார். அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "துரை குடுத்ததா?"

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா. அவரு மூஞ்சியப் பாத்து வாய் வரல. 'கொல்றது பாவம், சரி. ஆனா குடுக்காத சாமான் எடுக்கிறதும் பாவம். பன்சில்னு அஞ்சு சீலம் சொல்ற வாயால நான் எப்படி எடுக்கிறது? இன்னிக்கி நிக்கட்டும். நாளைக்கி நீ போய்க் கேட்டு வா'ன்னுட்டாரு."

ஞாயிறு காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு பங்களாவுக்கு நடந்தார். "பத்துச்சீட்டு" கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பூந்தோட்டத்து வாசலில் நின்று மாமா எல்லாவற்றையும் சொன்னார். சுட்டது ஆகாயத்தில், மூடியது வெறுங்குழி, குதிரை அக்கரையில். துரை துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளை?" என்றார்.

"அதுக்கு ஒன்னும் தெரியாதுங்க தொரே. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

அத்தனையையும் ஒப்புக்கொண்ட வாயால் மாமா நான் பார்த்ததை மட்டும் மறைத்தார். துரை என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் ஜீப்பையும் கூப்பிடவில்லை, காவலாளியையும் கூப்பிடவில்லை. எங்களோடு நடந்தே ஆற்றைக் கடந்தார். வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த செல்லா அவரைக் கண்டதும் தானாகவே வந்து அவர் தோளில் மூக்கை உரசியது. அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் நின்றார். பிறகு கிரிபண்டாவிடம், "நான் குடுத்தது. வண்டியில் பூட்டாதே" என்றார். கிரிபண்டா இரண்டு கையையும் கூப்பினார்.

மாமாவைத் திரும்பிப் பார்க்காமலே துரை ஆற்றைக் கடந்து போனார். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் மாமாவின் பெயரைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு சேர்த்து வாசித்தார்கள். கத்தி பிடித்துப் பழகாத கைகள் கொப்புளித்தன, அவர் முணுமுணுக்கவில்லை. அந்த மாதமே துரை கப்பலேறிப் போனார். செல்லா இன்னும் இரண்டு மழைக்காலம் உயிரோடிருந்து, அந்த வயலோரத்திலேயே விழுந்தது. மாமாதான் போய்க் குழி வெட்டினார்.

இப்போது குதிரைக் கொட்டில் இருந்த இடத்தில் உரச்சாக்குகள் அடுக்கும் தகரக் கொட்டகை நிற்கிறது. கிரிபண்டாவின் வயலில் வீடுகள் எழும்பிவிட்டன. மாமா பின்னாளில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் பேர் எழுதிப் போய், அங்கேயே கண்ணை மூடினார். எனக்காக அவர் சொன்ன பொய்யைத் திருத்திச் சொல்வதற்குத் துரையும் இல்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.