பாட்டை வெட்டியவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

1. திங்கள்: எவரும் கொண்டாடாத இயக்குநர் ஒருவரின் மர்மப்படத்தை, கல்முனையில் படம் பதிந்து கொடுக்கும் உங்கள் கடையில் பென் ட்ரைவில் பெற்றேன்.

2. செவ்வாய்: இருபது வருடமாக அவ்வியக்குநரை ஏளனம் செய்யும் என் மச்சானுக்கு அதைப் போட்டுக் காட்டினேன்.

"ஒரு துப்பும் இல்லாம டொக்டர் எப்பிடி மச்சான் கொலைகாரனாகின? உங்கட ஆள் நல்லா ஏமாத்தியிருக்கார்" என்று சிரித்தார்.

3. இன்று: உங்கள் கடைக்கு வந்து விசாரித்தேன்.

"ஓம் சேர், வீட்டுல எல்லாரும் பாக்கிற எண்டு பாட்டெல்லாம் வெட்டித்தான் குடுக்கிற."

வெட்டிய பாட்டைக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன்: டொக்டர் மருந்துப் போத்தலை மாற்றுவது அதில்தான்.

"அப்ப படத்தில வாற நாலு கொலையும்?"

"அது பரவால்ல சேர்."

இயக்குநர் நிரபராதி என்று என் மச்சானுக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன், கடை முத்திரையுடன் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். பாட்டையும் இணைக்கவும்.