பார்கிட்டர் மகனுக்கு வீசிய பந்து

இங்கிலாந்தின் டிப்டன் நகரில் பார்கிட்டர் இரும்பு வார்ப்பாலையில் மணல் அச்சுப் பிடிப்பவன் ஜோசையா டிரான்டர். உருகிய இரும்பைச் சுமந்து தோள் இறுகிப்போன ஆள். அந்தத் தோளால் பந்து வீசினால் எதிரே நிற்பவன் ஒதுங்கிவிடுவான்.

முதலாளி பார்கிட்டருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். சாராயக் கடைக்குப் போகிற கால்கள் மைதானத்துக்கு வரட்டும் என்று, உலைக் கசடு கொட்டிய மேட்டைச் சமன்செய்து புல் வளர்த்தார். தரையை அமுக்கும் உருளையை ஆலையிலேயே வார்த்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ்காரர்களுக்கும் உலைக்காரர்களுக்கும் ஆட்டம். முதலாளியின் ஒரே மகன் எட்வின் மட்டையோடு வந்தான். ஜோசையா மெதுவாகவே வீசினான்.

"என்ன டிரான்டர், சாப்பிடாம வந்துட்டியா?" என்று எட்வின் சீண்டினான்.

நடுவராக நின்ற பார்கிட்டர் கத்தினார். "என் பையன்னு பார்க்காதே. ஒழுங்கா வீசுய்யா!"

அடுத்த பந்து எகிறி எட்வினின் காதுக்கு மேலே அடித்தது. உட்கார்ந்தவன் எழுந்து, "இதுதான்யா பந்து!" என்று சிரித்தான். எல்லோரோடும் தேநீர் குடித்தான்.

மறுநாள் தேவாலயத்தில், அந்த அடியால் இரவில் எட்வின் இறந்துவிட்டதாகப் பாதிரியார் அறிவித்தார்.

"யாருன்னு சொன்னார்? யாரு?" ஜோசையா திரும்பத் திரும்பக் கேட்டான். மனைவி கெசாயா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

விபத்து என்று விசாரணையில் முடிவானது. அடக்கம் முடிந்ததும், ஜோசையா தன் கருவிகளை மூட்டை கட்ட ஆலைக்குப் போனான். பார்கிட்டர் உள்ளே வந்தார். சுத்தியல் சத்தமெல்லாம் நின்றது.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஐயா... இனி நான் எப்படி இங்கே..."

"அந்தப் பந்துக்கு என் பையன் ஒதுங்கினானா?"

"இல்லீங்க. நேரா நின்னாரு."

பார்கிட்டர் தலையசைத்தார். "சனிக்கிழமை பக்கத்து ஊர் டட்லிக்காரங்களோட ஆட்டம். நீதான் முதல்ல வீசணும்."

ஜோசையாவின் கையிலிருந்த, அச்சு மணலைத் தேய்க்கும் கரணை நழுவி மணலில் விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"போகாதீங்க. அந்த மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றாள் கெசாயா.

போனான். பந்தை விடும் நேரத்தில் கை மரத்துவிட்டது. டட்லிக்காரர்கள் விளாசித் தள்ளினார்கள். கறுப்பு உடையில் ஓரமாக நின்ற பார்கிட்டர், "வேகமா! வேகமா!" என்று அலறினார். அந்தக் கோடை முழுக்க இதே கதை. ஜோசையாவை அணியிலிருந்து நீக்கவும் அவர் விடவில்லை.

கோடை முடியும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை அலறல் கேட்கவில்லை. ஜோசையா திரும்பிப் பார்த்தான். பார்கிட்டர் புல்லில் தனியாக உட்கார்ந்து, தொப்பியில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

ஜோசையா பந்தை அணித்தலைவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். யாரும் அழைக்காமலே முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தான். அதன்பின் அவன் பந்தைத் தொடவில்லை. பார்கிட்டரும் கேட்கவில்லை.